யாருக்கு, எதற்கு? ஒரு கேள்வி பிறந்த கதை

சிங்கப்பூரின் பூன் லேயைச் சுற்றியுள்ள பட்டறைகளிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் ஒரு பெட்டிக்கு என்னென்ன தாள் வேண்டும்? ஷிப்பிங் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் மூச்சுவிடாமல் சொல்லிவிடுவார்கள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், டிரேட்நெட்டில் எடுத்த பெர்மிட். சில சரக்குகளுக்கு மட்டும் இன்னொரு தாள் சேரும். இந்தப் பொருளைக் கடைசியில் பயன்படுத்தப்போவது யார், எந்த ஊரில், என்ன வேலைக்கு என்று எழுதிக் கையெழுத்தும் கம்பெனி முத்திரையும் வைத்த தாள். எண்ட்-யூசர் ஸ்டேட்மென்ட் என்பார்கள். வாங்குகிற கம்பெனிக்குப் பல நேரம் இது பிடிக்காது. காசு கொடுத்து வாங்குகிறோம், எதற்கு என்று கேட்க நீ யார் என்கிற தொனியில் மின்னஞ்சல் வரும். ஆனாலும் கேட்டே ஆகவேண்டும். சிங்கப்பூரில் அது சட்டம்.

அந்தக் கேள்வி எங்கே பிறந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். அணுகுண்டு பரவாமல் தடுப்பது என்றதும் நம் மனத்தில் வருவது வியன்னாவின் மாநாட்டு மண்டபங்கள், நியூயார்க்கில் கை தூக்கும் தூதர்கள். அவையெல்லாம் வேண்டும்தான். ஆனால் குண்டுக்கான சரக்கு மாநாட்டு மண்டபம் வழியாகப் போவதில்லை. பட்டறையில் கடையப்பட்டு, மரப்பெட்டியில் அடைக்கப்பட்டு, லாரி ஏறித் துறைமுகம் போய்ச் சேர்கிறது. அதனால் இந்தக் கதையின் ஒரு நுனி ஈராக்கிலும் ராஜஸ்தானிலும் இருந்தால், இன்னொரு நுனி இங்கே ஜூரோங்கில் இருக்கிறது.

முதலில் ராஜஸ்தான். 1974 மே 18 அன்று பொக்ரானில் இந்தியா அணுவெடிப்புச் சோதனை நடத்தியது. அமைதி நோக்கிலான வெடிப்பு என்று அறிவித்தது. அதற்கான புளுட்டோனியம் பம்பாய் டிராம்பேயில் இருந்த சைரஸ் உலையிலிருந்து வந்தது. அந்த உலையைத் தந்தது கனடா, அதற்குக் கனநீர் தந்தது அமெரிக்கா. இரண்டு நாடுகளும் அமைதிப் பணிக்கு மட்டும் என்று எழுதி வாங்கித்தான் கொடுத்திருந்தன. எழுதி வாங்கியதால் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும், அணுத் தொழில்நுட்பம் விற்கும் நாடுகள் லண்டனில் கூடின. எதை விற்கலாம், எதை விற்றால் அனைத்துலக அணுசக்தி அமைப்பின் கண்காணிப்பு கட்டாயம் என்று விதி வகுத்தன. 1978இல் அது வெளியானது. அணுப்பொருள் வழங்குநர் குழு என்று இன்று நாம் சொல்வதன் தொடக்கம் அதுதான்.

இதன் விளைவைத் தமிழ்நாட்டுக்காரர்கள் வீட்டு வாசலிலேயே பார்த்திருக்கிறார்கள். வெளியிலிருந்து உலையும் எரிபொருளும் வருவது தடைப்பட்ட காலத்தில், கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தை இந்தியப் பொறியாளர்களே கட்டி முடித்தார்கள். 1983இல் முதல் உலை இயங்கத் தொடங்கியது. அங்கே அனைத்துலக அணுசக்தி அமைப்பின் ஆய்வாளர்களுக்கு வேலையில்லை. தெற்கே கூடங்குளத்தில் கதை வேறு. ரஷ்ய உலைகள் என்பதால் அவை கண்காணிப்பின் கீழ் இருக்கின்றன. ஒரே கடற்கரை, ஒரே மாநிலம், ஒரே அரசு. ஓரிடத்தில் முத்திரையும் கேமராவும் உண்டு, இன்னோரிடத்தில் இல்லை. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இந்தியா சேராததால் வந்த நிலை அது. சரியா தவறா என்று இரண்டு பக்கமும் ஆவேசமாகப் பேசுவார்கள். நான் அதற்குள் இப்போது போகவில்லை. லண்டனில் கூடியவர்கள் போட்ட பட்டியலில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதுதான் இங்கே முக்கியம்.

உலை இருந்தது, கனநீர் இருந்தது, மறுபதப்படுத்தும் ஆலைக்கான கருவி இருந்தது. அணு வேலைக்கென்றே செய்யப்பட்ட பொருள்கள் எல்லாம் இருந்தன. அலுமினியக் குழாயும் வேக்குவம் பம்பும் மின்காந்தச் சுருளும் எங்கே? அவற்றைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

ஈராக் அந்த இடைவெளியில்தான் நுழைந்தது.

1969லேயே பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு அது. பாக்தாத்தை ஒட்டிய துவைத்தா ஆராய்ச்சி மையத்துக்கு வியன்னாவிலிருந்து ஆய்வாளர்கள் முறையாக வந்து போனார்கள். ஈராக் காட்டிய கட்டடத்துக்குள் போனார்கள், ஈராக் கணக்குக் காட்டிய எரிபொருளை எண்ணினார்கள், கணக்கு சரி என்று எழுதினார்கள். எழுதியது பொய்யில்லை. அவர்கள் போகாத கட்டடங்கள் அதே வளாகத்திலேயே பக்கத்தில் நின்றன. அந்தக் காலக் கண்காணிப்பு முறை, ஒரு நாடு அறிவித்ததைச் சரிபார்ப்பதையே வேலையாக வைத்திருந்தது. அறிவிக்காததைத் தேடும் அதிகாரம் ஏட்டில் இருந்தது, நடப்பில் இல்லை.

1990இல் குவைத்தைப் பிடித்த சதாம் உசேன், மேல்நாட்டவர் பலரைப் பணயமாகப் பிடித்து, தாக்குதலுக்கு ஆளாகலாம் என்று நினைத்த இடங்களில் கொண்டுபோய் வைத்தார். துவைத்தாவிலும் சிலர் வைக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் விடுதலையாகி ஊர் திரும்பியவர்களின் உடுப்புகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது துணி இழைகளில் செறிவூட்டிய யுரேனியத்தின் துகள்கள் இருந்தன. எத்தனையோ ஆண்டு ஆய்வுகள் சொல்லாததை ஒரு சட்டை சொன்னது.

குவைத்தை மீட்க நடந்த போர் முடிந்து 1991 கோடையில் ஆய்வாளர்கள் உள்ளே போனபோது, ஜூன் 28 அன்று பலூஜா அருகே ராணுவ முகாமிலிருந்து லாரிகள் வரிசையாகப் பின்வாசல் வழியே ஓடுவதைக் கண்டார்கள். துரத்திப் போய்ப் படமெடுத்தார்கள். ஈராக்கியக் காவலர்கள் அவர்கள் தலைக்கு மேலே சுட்டார்கள். படத்தில் பதிந்தவை ராட்சத இரும்பு வட்டுகள். கலுட்ரான் என்னும் கருவியின் காந்தங்கள். ஹிரோஷிமாவில் போட்ட குண்டுக்கான யுரேனியத்தைப் பிரிக்க 1940களில் அமெரிக்கா ஓக் ரிட்ஜில் பயன்படுத்திய முறை அது. மின்சாரத்தை விழுங்கும், ஆளை விழுங்கும் என்று அமெரிக்காவே கைவிட்டு, விவரங்களையும் வெளியிட்டிருந்தது. இந்தக் காலத்தில் யார் அதைச் செய்வார்கள் என்று உலகம் நினைத்ததால் யாரும் தேடவில்லை. ஈராக் செய்தது. அதற்கு வேண்டிய கருவிகளையும் உலோகத்தையும் பெரும்பாலும் ஐரோப்பியக் கம்பெனிகளிடமிருந்து சாதாரணத் தொழிற்சாலைச் சரக்காகவே வாங்கியது.

இந்த அதிர்ச்சியிலிருந்து இரண்டு பிள்ளைகள் பிறந்தன.

ஒன்று, 1992இல் வார்சாவில் வழங்குநர் நாடுகள் ஒப்புக்கொண்ட இரண்டாவது பட்டியல். அணு வேலைக்கும் பயன்படும், சாதாரணத் தொழிலுக்கும் பயன்படும் பொருள்களின் பட்டியல். ஜூரோங்கில் வேலை செய்பவர்களுக்கு இந்தப் பட்டியலைப் படித்தால் சொந்தக் கடைத்தெருவில் நடப்பதுபோல இருக்கும். சி.என்.சி. லேத், வேக்குவம் பம்ப், பிரஷர் டிரான்ஸ்டியூசர், ஃபிரீக்வென்சி சேஞ்சர், கார்பன் ஃபைபர். ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. அலுமினியக் கலவை என்றால் அதன் இழுவலு 460 மெகாபாஸ்கல் எட்டவேண்டும், குழாய் அல்லது உருளை வடிவத்தில் வெளிவிட்டம் 75 மில்லிமீட்டரைத் தாண்டவேண்டும். அதற்குக் கீழே என்றால் பட்டியலில் இல்லை. மெரேஜிங் எஃகு என்றால் 1950 மெகாபாஸ்கல். யுரேனியத்தைச் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜின் உருளை ஒலியை விஞ்சும் வேகத்தில் சுழல்கிறது. அந்தச் சுழற்சியில் பிய்ந்து சிதறாமல் தாங்கும் உலோகம் எது என்ற கணக்குதான் இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கிறது.

இன்னொன்று கூடுதல் நெறிமுறை. 1997 மே மாதம் அனைத்துலக அணுசக்தி அமைப்பின் ஆளுநர் மன்றம் அதன் மாதிரியை ஏற்றது. ஹான்ஸ் பிளிக்ஸ் அப்போது தலைமை இயக்குநர். ஈராக் மட்டும் காரணமில்லை, வடகொரியாவும் காரணம். 1992இல் அது கொடுத்த புளுட்டோனியக் கணக்கும், அங்கே துடைத்தெடுத்த தூசி சொன்ன கணக்கும் ஒத்துப்போகவில்லை. கூடுதல் நெறிமுறையை ஏற்ற நாடு, யுரேனியச் சுரங்கத்திலிருந்து சென்ட்ரிஃபியூஜ் பாகம் செய்யும் பட்டறை வரை எல்லாவற்றையும் அறிவிக்கவேண்டும். குறிப்பிட்ட கருவிகளை ஏற்றுமதி செய்தால் அதையும் சொல்லவேண்டும். அறிவிப்பில் இல்லாத இடத்துக்கும் ஆய்வாளர் போகலாம். வழக்கமாக 24 மணி நேரத்துக்கு முன் தகவல் தந்தால் போதும். அணு நிலையத்துக்குள் ஏற்கெனவே ஆய்வில் இருந்தால் 2 மணி நேரம்.

அந்த ஆய்வில் பயன்படும் பொருள் ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது. 10 சென்டிமீட்டர் நீளமும் அகலமும் உள்ள பருத்தித் துணித் துண்டு. ஆய்வாளர் கையுறைமேல் கையுறை மாட்டிக்கொள்கிறார். மேசை விளிம்பு, காற்றுக் குழாயின் மூடி, கதவிடுக்கு, எந்திரத்தின் அடிப்பாகம், துடைப்பக்காரர் விட்டுவைத்த இடமாகப் பார்த்துத் துடைக்கிறார். துணியை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அந்தப் பையை இன்னொரு பைக்குள் போட்டு மூடுகிறார். முன்பு வேறோர் ஆலையில் இருந்த தூசி அவர் கையிலிருந்து இதில் ஒட்டிவிடக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனை கட்டுப்பாடு. ஆஸ்திரியாவின் சைபர்ஸ்டார்ஃப் ஆய்வுக்கூடத்தில் அந்தத் துணியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிரித்து, அதில் யுரேனியம் 235 எவ்வளவு என்று சொல்லிவிடுகிறார்கள். சுவரை வெள்ளையடித்தாலும் தரையைப் பெயர்த்தாலும் துகள் எங்காவது மிச்சமிருக்கும். சட்டை சொன்னதை இன்று முறையாகவே கேட்டு வாங்குகிறார்கள்.

இதெல்லாம் அணுவுலை உள்ள நாடுகளின் விவகாரம் என்று சிங்கப்பூர் ஒதுங்கியிருக்கலாம். நமக்கு உலை இல்லை. 1976இல் பரவல் தடை ஒப்பந்தத்தை உறுதிசெய்தோம், 1977இல் கண்காணிப்பு உடன்பாடு நடப்புக்கு வந்தது. சிறிய அளவே அணுப்பொருள் வைத்திருக்கும் நாடு என்பதால் கண்காணிப்பு என்று பெரிதாக ஒன்றும் நடக்கத் தேவையில்லாமல் இருந்தது.

ஆனால் சிங்கப்பூர் வேறொரு விதத்தில் இந்தக் கதைக்குள் இருந்தது. 1961இல் கோ கெங் சுவீ ஜூரோங்கின் சதுப்பு நிலத்தைத் தொழிற்பேட்டையாக்கத் தொடங்கியபோது, காசைச் சேற்றில் கொட்டுகிறார் என்றார்கள். முதலில் இரும்பு உருக்காலை வந்தது. கப்பல் பட்டறைகள் வந்தன, பிறகு துல்லியப் பொறியியல் கம்பெனிகள் வரிசையாக வந்தன. ஒருகாலத்தில் சியூ பூன் லே மிளகும் ரப்பரும் பயிரிட்ட நிலத்தைச் சுற்றி, மைக்ரோமீட்டர் கணக்கில் உலோகம் கடையும் பட்டறைகள் எழுந்தன. 1989இல் டிரேட்நெட் வந்தது. தாளும் கையுமாக அலைந்து பெர்மிட் வாங்கிய காலம் போய், சில நிமிடங்களில் கணினியில் பெர்மிட் கிடைத்தது. நாடு முழுதுக்கும் ஒரே வாசலாக இப்படி ஒன்றை உலகில் முதலில் செய்ததில் சிங்கப்பூருக்குப் பெருமை உண்டு, அந்தப் பெருமை நியாயமானதே. இறங்கும் பெட்டிகளில் பெரும்பகுதி இங்கே தங்குவதில்லை. கப்பல் மாறி வேறு நாட்டுக்குப் போகிறது. 2024இல் மட்டும் 4 கோடியே 11 லட்சம் பெட்டி அளவு சரக்கைச் சிங்கப்பூர் கையாண்டது.

வேகம்தான் இந்த ஊரின் சோறு. கெட்ட சரக்கை அனுப்ப நினைப்பவனுக்கும் அதே வேகம் வேண்டும், அதே கூட்டம் வேண்டும்.

2001 செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்கள் விழுந்தன. அந்த டிசம்பரில் ஜெமா இஸ்லாமியா என்ற பயங்கரவாத அமைப்பின் உறுப்பினர்களைச் சிங்கப்பூரிலேயே கைது செய்தார்கள். அரசாங்கம் சட்டம் கொண்டுவர அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. உத்திபூர்வப் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2002இல் நிறைவேறி, 2003 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. ஏற்றுமதி மட்டுமல்ல, கப்பல் மாற்றி அனுப்புவதும், வெறுமனே கடந்து போவதும், சரக்கைத் தொடாமல் இங்கே உட்கார்ந்து தரகு பேசுவதும், வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்புவதும் அதற்குள் வரும். முதல் குற்றத்துக்கு ஒரு லட்சம் வெள்ளி அல்லது சரக்கு மதிப்பின் மூன்று மடங்கு, எது அதிகமோ அது அபராதம். இரண்டு ஆண்டுவரை சிறையும் உண்டு.

அந்தச் சட்டத்தின் உயிர் எனக்குத் தெரிந்தவரை பட்டியலில் இல்லை. பட்டியலுக்கு வெளியே உள்ள ஒரு பிரிவில் இருக்கிறது. பட்டியலில் இல்லாத பொருளே ஆனாலும், அது பேரழிவு ஆயுத வேலைக்குப் போகிறது என்று உனக்குத் தெரிந்தால், அதிகாரிகள் உன்னிடம் சொல்லியிருந்தால், அல்லது அப்படிச் சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தால், நீ அனுமதி கேட்கவேண்டும் என்கிறது அது. கேட்ச்-ஆல் என்று தொழிலில் சொல்வது இதைத்தான். பொருளைப் பார்த்துக்கொண்டிருந்த சட்டம் ஆளைப் பார்க்கத் தொடங்கியது அங்கேதான். யாருக்கு, எதற்கு என்ற கேள்வி சிங்கப்பூரில் பிறந்த நாள் என்று 2003 ஜனவரி 1ஐச் சொல்லலாம்.

அதே வேளையில் கடற்கால்வாய்க்கு அப்பால் வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

மலேசியாவின் ஷா ஆலமில் ஒரு பட்டறை. ஸ்கோமி பிரிசிஷன் எஞ்சினியரிங், சுருக்கமாக ஸ்கோப். துபாயிலிருந்து 14 வகைப் பாகங்களுக்கு ஆர்டர் வந்திருந்தது. மதிப்பு 1 கோடியே 30 லட்சம் ரிங்கிட். எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கான பாகங்கள் என்று சொல்லப்பட்டது. வேலையை மேற்பார்க்க சுவிட்சர்லாந்திலிருந்து ஊர்ஸ் டின்னர் என்ற பொறியாளர் வந்து தங்கினார். பாகம் கடைந்து முடிந்ததும் வரைபடங்களை அவர் திரும்ப வாங்கிக்கொள்வார். தொழில் ரகசியம் என்பார். மூலப்பொருளான அலுமினியம் 300 டன். அதை விற்றது ஒரு ஜெர்மன் கம்பெனியின் சிங்கப்பூர்க் கிளை. 2002 டிசம்பரிலிருந்து 2003 ஆகஸ்ட்டுக்குள் நான்கு தடவையாகச் சரக்கு துபாய்க்குப் போனது. இந்த விவரங்கள் எல்லாம் பின்னர் 2004 பிப்ரவரியில் மலேசியக் காவல்துறை வெளியிட்ட அறிக்கையில் இருக்கின்றன.

ஆர்டரைக் கொண்டுவந்தவர் புகாரி சையது அபு தாஹிர். இலங்கை வணிகர், பிறந்தது சென்னையில், தொழில் துபாயில். பாகிஸ்தானின் அணுவிஞ்ஞானி அப்துல் கதீர் கானுக்கு வலது கை. கான் 1970களில் நெதர்லாந்தில் சென்ட்ரிஃபியூஜ் வேலை நடந்த இடத்தில் பணியாற்றி, வரைபடங்களோடு ஊர் திரும்பியவர். பாகிஸ்தானின் குண்டுக்கு யுரேனியம் செறிவூட்டிக் கொடுத்ததோடு நிற்காமல், அதே வரைபடத்தையும் பாகத்தையும் ஈரானுக்கும் வடகொரியாவுக்கும் லிபியாவுக்கும் விற்றார். ஒரு நாட்டின் ஆசையைக் கடைச்சரக்காக்கிய வேலை அது. இந்தக் கும்பலின் புத்தி எங்கே இருந்தது என்றால், முழு எந்திரத்தை எங்கேயும் செய்யச் சொல்லவில்லை. ஒரு பாகம் ஷா ஆலமில், இன்னொன்று வேறு நாட்டில். யாருக்கும் முழு உருவம் தெரியாது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு குழாய், ஒரு மூடி, ஒரு வளையம்.

உளவுத்துறைகளுக்குத் தகவல் போயிருந்தது. துபாயிலிருந்து லிபியாவுக்குப் புறப்பட்ட பிபிசி சைனா என்ற ஜெர்மன் கப்பலைச் சூயெஸ் கால்வாய் தாண்டியதும் இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்துக்குத் திருப்பினார்கள். 2003 அக்டோபர். ஐந்து கண்டெய்னர்களுக்குள் மரப்பெட்டிகள், அவற்றில் சென்ட்ரிஃபியூஜ் பாகங்கள். பெட்டிமேல் ஸ்கோப் என்ற பெயர். அந்த டிசம்பர் 19 அன்று லிபியா தன் அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. 2004 பிப்ரவரி 4 அன்று கான் பாகிஸ்தான் தொலைக்காட்சியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மே மாதம் தாஹிரை மலேசியா உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைத்தது, 2008இல் விடுவித்தது.

எதற்கான பாகம் என்று தெரியாது என்று ஸ்கோப் சொன்னது. மலேசியக் காவல்துறையும் அதை ஏற்றது. நான் இதைப் படிக்கும்போதெல்லாம் கம்பெனியைவிட அந்தப் பட்டறையின் எந்திரங்களுக்கு முன் நின்றவர்களைத்தான் நினைக்கிறேன். வரைபடத்தைப் பார்த்து, புரோகிராம் போட்டு, பாகத்தைக் கடைந்து, காலிப்பர் வைத்து அளந்து, எண்ணெய் தடவிப் பெட்டியில் அடுக்கியவர்கள். வேலையில் குறை சொல்ல முடியாது. அந்த அளவுகளை அப்படிக் கொண்டுவருவது லேசான காரியமில்லை. அவர்கள் கைவேலை போய்ச் சேரவிருந்த இடம் லிபியத் தலைவர் கடாஃபியின் செறிவூட்டல் ஆலை.

எண்ணெய்க் கம்பெனிக்கு இத்தனை துல்லியம் எதற்கு? வரைபடத்தை ஏன் திரும்ப வாங்குகிறார்? துபாயில் எண்ணெய்க் கிணறு வைத்திருப்பது யார்? இந்தக் கேள்விகளைக் கேட்க அணு இயற்பியல் தேவையில்லை. பட்டறையில் பத்து வருடம் நின்ற எவருக்கும் தோன்றக்கூடிய கேள்விகள். மலேசியாவில் அன்று அப்படிக் கேட்கச் சொல்லும் சட்டம் இல்லை. அவர்களுடைய உத்திபூர்வ வணிகச் சட்டம் 2010இல்தான் வந்தது.

இதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 2004 ஏப்ரல் 28 அன்று ஐநா பாதுகாப்பு மன்றம் 1540ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, எல்லா நாடுகளும் இத்தகைய கட்டுப்பாட்டுச் சட்டம் வைத்திருக்கவேண்டும் என்றது. சிங்கப்பூரிடம் அப்போது ஏற்கெனவே சட்டம் இருந்தது. 2005 ஆகஸ்ட்டில் சந்தேகச் சரக்குள்ள கப்பலைக் கடலில் நிறுத்திச் சோதிக்கும் பன்னாட்டுப் பயிற்சியைச் சிங்கப்பூர் நடத்தியது. அடுத்த மாதம் கூடுதல் நெறிமுறையில் கையெழுத்திட்டது, 2008 மார்ச் 31 அன்று அது நடப்புக்கு வந்தது. அதே 2008 ஜனவரியில் கட்டுப்பாட்டுப் பட்டியலும் விரிந்தது. அணுப்பொருள் வழங்குநர் குழு உள்பட நான்கு பன்னாட்டுக் குழுக்களின் பட்டியல்களும் அதற்குள் வந்தன. அந்த நான்கில் எதிலும் சிங்கப்பூர் உறுப்பினர் இல்லை. உறுப்பினராக இல்லாமலே அவர்கள் விதியைத் தன் விதியாக்கிக்கொண்டது. சிறிய நாடு தன் துறைமுகத்தின் நல்ல பெயரை நம்பி வாழ்கிறது என்பது ஒரு காரணம். அதைக் கொச்சையான காரணமாக நான் நினைக்கவில்லை. நல்ல பெயரைக் காப்பாற்ற நினைப்பவன் செய்யும் நல்ல காரியமும் நல்ல காரியம்தான்.

ஒரு வருத்தமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த விதிகள் எல்லாம் குண்டு இல்லாதவர்களுக்கு நாளுக்கு நாள் இறுகுகின்றன. குண்டு வைத்திருப்பவர்களுக்கு இல்லை. தென்கிழக்காசியாவை அணு ஆயுதமற்ற வட்டாரமாக அறிவித்து 1995 டிசம்பரில் பாங்காக்கில் நம் நாடுகள் கையெழுத்திட்டன. அந்த வட்டாரத்தை மதிப்போம் என்று ஐந்து அணு வல்லரசுகளும் போடவேண்டிய கையெழுத்துக்கு இந்த வட்டாரம் முப்பது ஆண்டுகளாகக் காத்திருக்கிறது. 2017 ஜூலையில் அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் ஐநாவில் வாக்கெடுப்புக்கு வந்தபோது 122 நாடுகள் ஆதரித்தன, நெதர்லாந்து எதிர்த்தது, ஒரே ஒரு நாடு வாக்களிக்காமல் விலகி நின்றது. அது சிங்கப்பூர். அரசாங்கத்துக்குக் காரணங்கள் இருந்திருக்கும். எனக்கு அந்த 122இல் நாம் இருந்திருக்கவேண்டும் என்றே படுகிறது. பட்டறைக்காரரிடம் இத்தனை பொறுப்பைக் கேட்கும் நாடு, வல்லரசுகளிடமும் அதே குரலில் கேட்கலாம்.

அதற்காகப் பட்டறையின் பொறுப்பு குறைந்துவிடாது. இன்று அந்தப் பொறுப்பு எப்படி இருக்கிறது என்றால், ஆர்டர் வந்ததும் ஷிப்பிங் பிரிவில் ஒருவர் பொருளின் அளவுகளைப் பட்டியலோடு ஒப்பிடுகிறார். வாங்குபவர் பெயரைத் தடைப் பட்டியல்களில் தேடுகிறார். முகவரி ஒரு ஃபார்வர்டரின் முகவரியாகவே இருக்கிறதா, வழக்கத்துக்கு மாறாக ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார்களா, எந்திரத்தை வாங்கிவிட்டுப் பொருத்தித் தரவேண்டாம், சொல்லித்தரவும் வேண்டாம் என்கிறார்களா என்று பார்க்கிறார். விற்பனைப் பிரிவு அவசரப்படுத்தும். கப்பல் போய்விடும் என்பார்கள். அந்த நேரத்தில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பதற்கு மனத்திடம் வேண்டும். அப்படி நிறுத்திய பெட்டி எந்தச் செய்தித்தாளிலும் வராது. நிறுத்தியவருக்குத் தான் எதையாவது தடுத்தாரா, ஒரு நல்ல வாடிக்கையாளரை வீணாக நோகடித்தாரா என்பதே தெரியாமல் போகலாம்.

ஆனால் ஷா ஆலம் கதையில் முதலில் சந்தேகப்பட்டிருக்கக்கூடியவர் ஷிப்பிங் மேசையில் இல்லை, எந்திரத்துக்கு முன்னால் இருந்தார். பூன் லே, பயனியர், ஜூ கூன், துவாஸ் என்று இந்த மேற்கு மூலையில் அப்படி நிற்பவர்களில் எத்தனையோ பேர் புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்த நம் பிள்ளைகள். ஐடிஐ முடித்தவர்கள், பாலிடெக்னிக் முடித்தவர்கள். வரைபடத்தைக் கண்ணால் பார்த்தே இது வால்வா பம்பா என்று சொல்லக்கூடியவர்கள். வேலைப் பாதுகாப்புக்கு அவர்களுக்கு வகுப்பு உண்டு. தலைக்கவசம், கண்ணாடி, தீயணைப்பான் எல்லாம் சொல்லித்தருகிறார்கள். அதே வகுப்பில் அரை மணி நேரம் இதற்கும் ஒதுக்கவேண்டும், தமிழில். பாகத்துக்குப் பொருந்தாத காரணம் சொல்லப்பட்டால், வரைபடத்தின் தலைப்புக் கட்டம் வெட்டப்பட்டு வந்தால், முடிந்ததும் ஒரு தாள் விடாமல் யாரோ பொறுக்கிக்கொண்டு போனால், யாரிடம் போய்ச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். சொன்னால் வேலை போய்விடாது, வொர்க் பெர்மிட் ரத்தாகி ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதில்லை என்ற உறுதியும் எழுத்தில் வேண்டும். ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வந்தவர், “அண்ணே, இந்தப் பார்ட் யாருக்குப் போகுது?” என்று சூப்பர்வைசரைக் கேட்பதற்கு அந்த உறுதி இல்லாமல் முடியாது.